அட்டைப்படத்தில் ஒரு தோல் பை

அத்தியாயம் பதினான்கு

விடாமல் படித்து வருகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு மழைக் காலையில், பைக்கடைக்காரர் தோல் வாங்கச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய மனைவி காணாமல் போனாள். தூங்கிக்கொண்டிருந்த நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை. தானாகப் போனாளா, யாராவது கொண்டு போனார்களா, இருக்கிறாளா, இல்லையா என்று எதுவும் தெரியவில்லை. அப்போது பெண்கள் விடுதியில் தங்கி, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த அவளுடைய தங்கை, குழந்தைக்காக அந்த வாரமே இந்த வீட்டுக்கு வந்தாள். வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். சின்னவள் என்று இந்தக் கதை கூப்பிடுவது அவளைத்தான். அக்கா விட்டுப்போனவற்றில் ஏழு நாவல்கள் இருந்தன. ஏழும் ஒரே எழுத்தாளர் எழுதியவை. தங்கை அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தாள். படித்ததையெல்லாம், அலுவலகத்தில் கழித்துப்போட்ட வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் படமாக வரைந்தாள். யாருக்கும் காட்டாமல் அலமாரியில் வைத்திருந்த அந்தப் படங்களில் இருபதை, போன மாதம் மகள் ரகசியமாகப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். போன வாரம் பதில் வந்தது. ஏழு நாவல்களையும் இந்தப் படங்களோடு புதிதாகப் போடுகிறோம், மீதிப் படங்களை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள் என்று.

இனி, அந்தப் புதன்கிழமை.

சின்னவள் குளித்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் ஒரு தோல் உறை இருந்தது. தட்டையாக, ஒரு ஜன்னல் கதவு அகலத்துக்கு. ஓரம் முழுக்க இரட்டைத் தையல்.

“என்ன மாமா இது?”

“படம் கொண்டு போக.” அக்காவின் கணவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். “சுருட்டினா ஓரம் மடங்கிடும். இது மடங்காது. நனையவும் செய்யாது.”

“எப்பத் தைச்சீங்க?”

“கடையில சும்மா இருந்தப்போ.”

அவர் கடையில் சும்மா இருக்கிற ஆளில்லை. நாலு நாளாக மதியச் சாப்பாட்டைப் பாதி மிச்சம் வைத்துக் கொண்டுவந்தது எதற்கென்று இப்போது புரிந்தது. சின்னவள் உறையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

“நீங்களும் வாங்களேன்.”

“எனக்கும் அந்த ஆளுக்கும் ஆகாது.” எழுத்தாளரைத்தான் சொன்னார். “உங்க அக்கா என்கிட்டப் பேசினதைவிட அந்த ஆளோட புத்தகத்துகிட்டப் பேசினதுதான் அதிகம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவைப் பற்றிப் பேசும்போது அவர் இப்படிச் சிரிப்பதற்கு ஏழெட்டு வருடம் பிடித்திருந்தது. சின்னவள் சிரிக்கவில்லை.

“சித்தி, நேரமாச்சு!” என்று உள்ளேயிருந்து வந்தாள் வாலு. நாலு வயதில் வைத்த பட்டப்பெயர் பதினைந்து வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். “வயித்து வலின்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அப்பா கையெழுத்து போட்டாச்சு.”

“என்னத்துக்குன்னு படிச்சுப் பாத்துதான் போட்டேன்” என்றார் அவர்.

*

பதிப்பகம் மூன்றாவது மாடி. படியெல்லாம் பசை வாசனை. எடிட்டர் அம்மாளிடம் இரண்டு மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒன்று மூக்கில், ஒன்று தலைமேல்.

எழுத்தாளர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பின்னட்டைப் புகைப்படத்தில் பார்த்ததற்கு ஒன்றுக்குப் பாதியாக இருந்தார். எழுந்து நின்றபோது சின்னவளின் தோள் உயரம்தான் வந்தார்.

“நான் வயசான ஒருத்தரை எதிர்பார்த்தேன்” என்றார்.

“நாங்க உயரமான ஒருத்தரை எதிர்பார்த்தோம்” என்றாள் வாலு.

சின்னவள் அவள் கையைக் கிள்ளினாள். எழுத்தாளர் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சின்னவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பதினோரு வருடமாக அவளுடைய தலைமாட்டில் இருக்கிற மனிதர். என்ன பேச வேண்டுமென்று நேற்று முழுக்க ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட இப்போது நாக்குக்கு வரவில்லை.

நல்லவேளையாக அவரே படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்.

“இந்தத் தபால்காரனுக்கு ஒரு காது சின்னதா இருக்கே. நான் அப்படி எழுதலையே?”

“எழுதியிருக்கீங்க சார். நாலாவது அத்தியாயத்துல. தொப்பி ஒரு பக்கமா சரிஞ்சுக்கிட்டே இருக்கும்னு வரும். அதுக்குக் காரணம் காதுன்னு அப்புறம் கடைசியில வரும்.”

அவர் எடிட்டரைப் பார்த்தார். “எழுதினவனுக்கே மறந்து போச்சு.”

“எனக்குக் கற்பனையா எதுவும் வரைய வராது சார். ஆபீஸ்ல வரப்பு எங்க இருக்கோ அங்கதான் கோடு போடணும். அதே பழக்கம்.”

“இந்தப் பழக்கம் எல்லாருக்கும் இருந்தா நல்லா இருக்கும்” என்றார் எடிட்டர் அம்மாள், பெருமூச்சோடு. பிறகு மேஜையின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். “அட்டைக்கு இதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

சின்னவள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

அது படகுத்துறைப் படம். மூன்றாவது நாவலில், கதாநாயகி விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, அக்கரைக்குப் போகும் படகுக்காக மழையில் நிற்கிற இடம். படத்தில் அவள் முதுகு மட்டும்தான் தெரியும். நனைந்த மழைக்கோட்டு. முடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காலடியில் ஒரு தோல் பை.

“இதை யார் அனுப்பினது?”

“நான்தான் சித்தி” என்றாள் வாலு. “மத்த படங்களோட இல்லாம, அலமாரி அடியில செய்தித்தாளுக்குக் கீழ தனியா கிடந்தது. இருக்கறதுலயே இதுதான் பெஸ்ட். இதைப் போய் ஒளிச்சு வச்சிருக்கே.”

எழுத்தாளர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இந்த இடத்துல அவ முகத்தைத்தான் எழுதினேன். மூணு பக்கம் முகத்தையே எழுதினேன். நீங்க முதுகை வரைஞ்சிருக்கீங்க. என் மூணு பக்கமும் வீண்னு இப்பத் தோணுது.”

“இது வேண்டாம் சார். சரியா வரலை. நான் வேற வரைஞ்சு தரேன்.”

“நாற்பது வருஷமா எழுதறேன்மா. சரியா வராதது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.”

அதற்கு மேல் பேச்சு எடுபடவில்லை. மேலே நாவலின் பெயர் வர இடம் வேண்டும், அங்கிருக்கிற மழைக்கோடுகளை மட்டும் வெள்ளை மை பூசி மறைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள் என்றார் எடிட்டர். நாளையிலிருந்து மெஷின் வேறு வேலைக்குப் போய்விடுமாம்.

படியிறங்கும்போது சின்னவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பாதிப் படியில் ஒரு யோசனை வந்தது. வெள்ளை மை. மழைக்கோடுகளை மறைக்கிற அதே மையால் பையையும் மறைத்துவிடலாம். அதன் மேல் வேறொரு பை வரைந்துவிடலாம். சாதாரணப் பை. ஒரு மணி நேர வேலை.

இந்த யோசனை வந்த பிறகுதான் அவளால் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்க முடிந்தது.

கீழே வந்ததும் போன் அடித்தது. அலுவலகம். அரை நாள் லீவு சொல்லியிருந்தாலும் ஒரு வரைபடத்தில் அவளுடைய கையெழுத்து விட்டுப்போயிருந்தது. வந்துதான் ஆக வேண்டும் என்றார்கள்.

“ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்” என்று தோல் உறையை வாலுவிடம் கொடுத்தாள். “நேரா வீட்டுக்குப் போ. எங்கயும் நிக்காதே.”

“அப்பா கடையில காட்டிட்டு...”

“யார்கிட்டயும் காட்டாதே. வேலை முடியலை. முடிச்சப்புறம் காட்டலாம்.”

“சரி” என்றாள் வாலு.

அவள் ‘சரி’ என்றால் என்ன அர்த்தம் என்று சின்னவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருடமாக வளர்த்தவள்.

*

கடை நாலடி அகலம். சுவர் முழுக்கக் காது அறுந்த பைகள், ஜிப் போன பெட்டிகள். பைக்கடைக்காரர் ஒரு பயணப் பெட்டியின் சக்கரத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, அட்டைப்படம்!”

“என்ன அட்டை?”

“சித்தி படம் புத்தக அட்டையில வரப்போகுது. அந்த எழுத்தாளரே தேர்ந்தெடுத்தாரு. சித்தி உங்ககிட்ட இப்பக் காட்ட வேண்டாம்னு சொன்னா. வெக்கம். நீங்க பாத்ததா காட்டிக்காதீங்க.”

அவர் கையைத் துணியில் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார். படத்தை வாங்கி, வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பினார். முகத்தில் ஒரு பெருமை வந்துகொண்டிருந்தது. முழுசாக வந்து சேரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது.

தையல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இந்தப் பை... கதையில வருதா?”

“வருதுப்பா. ‘ஒரு பழைய பை’ன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.”

“கைப்பிடி கிட்ட ஒரு ஒட்டு இருக்கே.”

“அது சித்தி சேர்த்தது. நல்லா இருக்கு இல்ல?”

அரைநிலா வடிவத்தில் ஒரு தோல் ஒட்டு. கைப்பிடி பிய்ந்த இடத்தில், ரிவெட் ஆணி அடித்துப் பொருத்தியது. ஒட்டின் நடுவே ஒரு சின்னத் துவாரம். யாராவது பார்த்தால் மைப்பொட்டு என்று நினைப்பார்கள். அவர் நினைக்கவில்லை.

“இந்த ஓட்டை எதுக்கு?” என்று கேட்டார். மகளைக் கேட்ட மாதிரி இல்லை.

“தெரியலையே. ஏம்ப்பா?”

அவர் பயணப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். பலகையில் கிடந்த ஆணிகளை டப்பாவில் போட்டு மூடினார். எழுந்து ஷட்டரை இழுத்தார். மதியம் பன்னிரண்டரை மணிக்கு அந்தக் கடையின் ஷட்டர் இறங்கியதை அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்க்கடையிலிருந்து ஒருவர், “உடம்புக்கு என்ன?” என்று குரல் கொடுத்தார்.

“ஒண்ணுமில்லை” என்றார் அவர். “வீடு வரைக்கும்.”

வழி முழுக்க அவர் தோல் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார். வாலு இரண்டு தடவை முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கப் பயமாக இருந்தது.

*

சின்னவள் இரண்டேகாலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, இந்நேரத்துக்கு இருக்கக் கூடாத ஒரு ஜோடி ஷூ வாசலில் இருப்பதைப் பார்த்தாள்.

மேஜையில் படம். அதன் எதிரே மாமா. சமையலறைக் கதவில் சாய்ந்தபடி வாலு, உதட்டைக் கடித்துக்கொண்டு.

“உக்காரு” என்றார் அவர்.

அவள் உட்காரவில்லை.

“இந்த ஒட்டு என் வேலை” என்றார். குரல் உயரவே இல்லை. “அவ போனதுக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்தப் பையைக் கடைக்குக் கொண்டு வந்தா. பக்கத்து வீட்டு டீச்சர் பை, கைப்பிடி பிஞ்சு போச்சு, அவசரம், இப்பவே போட்டுக் கொடுங்கன்னு நின்னா. அந்தக் கலர்ல தோல் இல்லை. என் பழைய பெல்ட்டை வெட்டிப் போட்டேன். இந்த ஓட்டை பெல்ட்டு ஓட்டை. வாங்கிக்கிட்டு, ‘கெட்டியா இருக்கா, பாதி வழியில அறுந்துடாதே’ன்னு கேட்டா. நான், ‘டீச்சர் உலகத்தைச் சுத்தி வந்தாலும் அறுகாது’ன்னேன்.”

சற்று நிறுத்தினார்.

“அதுக்கப்புறம் அந்தப் பையை நான் பாக்கலை. டீச்சர் வீட்டுக்குப் போயிடுச்சுன்னு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீ எங்கே பாத்தே?”

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

சின்னவள் பொய் சொல்ல முயன்றாள். வாயைக்கூடத் திறந்தாள்.

“மறுநாள் காலையில விடுதிக்கு வந்தா” என்றாள். “ஆறே முக்கால் இருக்கும். நல்ல மழை. கையில இந்தப் பை.”

வாலு கதவிலிருந்து நிமிர்ந்தாள்.

“‘நான் போறேன்’னா. எங்கன்னு கேட்டேன். ‘போனப்புறம் எழுதறேன்’னா. மாமா அடிச்சாரா, திட்டினாரான்னு கேட்டேன். ‘சீச்சீ, அவரு நல்லவரு’ன்னா. பின்ன என்ன காரணம்னு கேட்டேன். ‘காரணம்னு ஒண்ணும் இல்லை, அதான் போறேன்’னா. எனக்குப் புரியலை மாமா. இன்னைக்கு வரைக்கும் புரியலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். வழியெல்லாம் கெஞ்சினேன்.”

“எந்த பஸ்?”

“துறைமுகம் போற பஸ். ஏழேகால்.”

“துறைமுகம்.” அவர் அந்தச் சொல்லை மெல்ல உச்சரித்தார். “நான் மூணு மாசம் மலைப்பக்கம் தேடினேன். யாரோ அந்தப் பக்கம் பாத்ததா சொன்னாங்கன்னு. ஊர் ஊரா போட்டோவை எடுத்துக்கிட்டு. நீ சாப்பாடு கட்டிக் கொடுத்தே.”

“நாலு நாள்ல எழுதறேன், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினா. நாலு நாள் பாத்தேன். பத்து நாள் பாத்தேன். அதுக்குள்ள போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டீங்க. நான் அவளைப் பாத்தே ரெண்டு வாரம் ஆச்சுன்னு அங்கயும் சொல்லிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு நாளும், நேத்தே சொல்லியிருக்கலாமேன்னு இருக்கும். நாளைக்குச் சொல்லிடலாம்னு தூங்குவேன்.”

“எத்தனை பிணவறைக்குப் போனேன், தெரியுமா?”

அவள் தலை குனிந்தாள். தெரியும்.

“ஒன்பது. ஒவ்வொரு தடவையும் துணியை விலக்கறதுக்கு முன்னாடி, இது அவளாவே இருந்துடட்டும்னு ஒரு நிமிஷம் தோணும். தேடறது முடிஞ்சிடுமில்ல. அப்புறம், அட பாவி, இப்படி நினைச்சுட்டியேன்னு வெளியே ஓடி வந்து வாந்தி எடுப்பேன். வீட்டுக்கு வந்தா நீ எலுமிச்சம்பழச் சாறு கலந்து வச்சிருப்பே. சர்க்கரை போதுமா மாமான்னு கேப்பே.”

“மாமா...”

“அவ உசுரோட பஸ் ஏறினான்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வருஷத்துல எந்திரிச்சு நடந்திருப்பேன்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, ஒட்டின்மேல் வைத்து, மறுபடி பார்த்தார்.

“சொல்ல மனசில்லைன்னா பின்ன எதுக்கு வரைஞ்சே?”

“வேணும்னு வரையலை. நாவல்ல அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கை வேற எதையும் போட மாட்டேங்குது. படகுத்துறைன்னு ஆரம்பிப்பேன். முடிக்கும்போது அக்காதான் நிப்பா.”

மூன்று மணி அடித்தது.

சின்னவள் மெதுவாகப் படத்தின் ஓரத்தைப் பிடித்தாள். “அட்டைக்கு இது போகாது மாமா. நான் வேற ஏதாவது சொல்லி...”

“போகணும்.”

சொன்னது வாலு. இவ்வளவு நேரம் பேசாததால் குரல் கரகரத்திருந்தது. சித்தியைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

“அம்மா இந்த எழுத்தாளரோட புத்தகம் ஒண்ணையும் விட்டதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. கடைக்கு வந்த அன்னைக்கே வாங்கிடுவாங்கன்னு சொன்னீங்க. எங்கே இருந்தாலும் இதையும் வாங்குவாங்க. கடை வாசல்ல தொங்கும்போதே பாப்பாங்க. அவங்க பை அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சா, அவங்க போனது நமக்கும் தெரிஞ்சு போச்சுன்னு அவங்களுக்குப் புரியும். அவ்வளவுதான். அப்புறம் அவங்க இஷ்டம்.”

“இருந்தாத்தானே” என்றார் அவர்.

“இருந்தா” என்றாள் மகள்.

அவர் எழுந்து உள்ளே போனார். அறைக் கதவு சாத்திக்கொண்டது. சின்னவள் அப்படியே நின்றாள். வாலு பாத்திரம் கழுவப் போனாள். கழுவியிருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

நாலு மணிக்கு மேல் கதவு திறந்தது. அவர் முகம் கழுவியிருந்தார். மேஜைக்கு வந்து, படத்தில் விரல் வைத்தார்.

“மூணு ரிவெட் போட்டிருக்கே. நான் போட்டது நாலு. கீழ்ப்பக்கத்து ரிவெட்டு மடிப்புல மறைஞ்சிருக்கும், உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதையும் போடு.”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் மைப்புட்டியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். முதலில் மேலே இருந்த மழைக்கோடுகளின்மேல் வெள்ளை பூசினாள். பிறகு மெல்லிய நிப்பால், அவர் விரல் காட்டிய இடத்தில், நாலாவது ரிவெட்டை வைத்தாள். இருபது வருடம் எல்லைக்கோடு போட்ட கை அது, பிசகவில்லை.

மை காய்வதற்கு ஊதினாள். அவர் தன் தோல் உறையை எடுத்து, படத்தைத் தானே உள்ளே செருகி, கொக்கியைப் போட்டார்.

“கொண்டு போய்க் கொடுத்துட்டு வா” என்றார். “வந்து உன் சாமானை எடுத்து வை. பழைய விடுதியில இடம் இருக்கும். இல்லேன்னா வேற எங்கயாவது பாத்துக்கோ. உன்னைத் தினமும் பாத்துக்கிட்டு என்னால இந்த வீட்டுல சாப்பிட முடியாது.”

“சரி மாமா” என்றாள் அவள்.

வேறு என்ன சொல்வது? மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அது செலாவணி ஆகியிருக்கும்.

*

அச்சகத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் படத்தைப் பார்த்து, “முகம் தெரியலையே, பரவாயில்லையா?” என்று கேட்டார். பரவாயில்லை என்றாள்.

பஸ் வந்தும் ஏறாமல் நடந்தே திரும்பினாள். தெருமுனையில் நின்று பார்த்தபோது வீட்டில் ஒரு விளக்குதான் எரிந்தது. மாமாவின் ஷூ வாசலில் இல்லை. கடைக்குத் திரும்பப் போயிருக்க வேண்டும். பாதியில் விட்ட பயணப் பெட்டி இருக்கிறதே.

வாலு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பக்கத்தில் உட்காரப் போனாள். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“உங்களை ஒண்ணு கேக்கணும்.”

‘உங்களை.’ நாலு வயதிலிருந்து ‘நீ’, ‘வா’, ‘போ’ என்றுதான். சின்னவளுக்கு அந்த ஒரு சொல், மாமா சொன்ன எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது.

“கேளுடா.”

“பஸ் ஏறும்போது... அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று தெரிந்து, எத்தனையோ வருடங்களாக அவள் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். குழந்தையைப் பாத்துக்கோ என்றாள். முத்தம் கொடுத்தேன் என்று சொல் என்றாள். திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்றாள். எல்லாம் அழகான பதில்கள். சின்னவளே சில இரவுகளில் அவற்றை நம்பியிருக்கிறாள்.

நடந்தது வேறு. அக்கா மழை விடுமா என்று கேட்டாள். ஜன்னல் சீட் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். பஸ் கிளம்பும்போது, “நனையாம போ” என்றாள், தங்கையைப் பார்த்து. அவ்வளவுதான்.

சின்னவள் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் நெற்றி. மாமாவின் தாடை. ஒரு பொய். ஒரே ஒரு பொய், அதுவும் நல்ல பொய்.

“சொல்லலைடா” என்றாள். “உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

வாலு தலையை ஆட்டினாள். ஒரு கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டதுபோல ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“சரி” என்றாள்.

உள்ளே போனாள். சின்னவளுக்கும் அவளுக்கும் பொதுவான அந்த அறையில் அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம். துணிகளை எடுத்து எடுத்து வைக்கிற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

சித்தியின் துணிகளையா, தன்னுடையதையா என்று வாசலில் இருந்தவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் தைரியமில்லை.